புதுப் பாட்டு ஏன் மனசில் ஒட்ட மாட்டேன் என்கிறது?

கேள்வி இது: "எனக்கு 44 வயது. பள்ளி, கல்லூரி நாட்களில் ஒரு பாட்டு வந்தால் இரண்டே நாளில் மனப்பாடம் ஆகிவிடும். இப்போது எது வந்தாலும் ஒட்டவில்லை. ஒரு முறை கேட்கிறேன், பரவாயில்லை என்று தோன்றுகிறது, அதோடு சரி. பழைய பாட்டைப் போட்டால்தான் மனசு நிறைகிறது. இசை நிஜமாகவே தரம் குறைந்துவிட்டதா, இல்லை எனக்கு வயதாகிவிட்டதா? மகளோடு உட்கார்ந்து கேட்க ஆசை. ஆனால் அவள் கேட்பது என் காதில் வெறும் சத்தமாக விழுகிறது. பழகிக்கொள்ள முடியுமா, விட்டுவிடலாமா?"

நான் ஒலிப்பதிவு, மிக்ஸிங் (பதிந்த குரலையும் கருவிகளையும் அளவாகக் கலப்பது) வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். பழைய டேப்புகளைச் சுத்தம் செய்து டிஜிட்டலுக்கு மாற்றுவதும், இருபது வயதுப் பிள்ளைகள் கொண்டுவரும் பாட்டுகளை மிக்ஸ் செய்வதும் ஒரே வாரத்தில் நடக்கும். காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று. அதனால் இந்தக் கேள்வி எனக்கு அன்றாடம் எதிரில் வந்து நிற்பது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய பாட்டுக்கு நீங்கள் கொடுத்த நேரத்தைப் புதுப் பாட்டுக்கு இன்னும் கொடுக்கவில்லை. வேறு காரணங்களும் இருக்கின்றன, இசையிலேயே சிலது மாறித்தான் போயிருக்கிறது. அதையெல்லாம் பின்னால் சொல்கிறேன். பெரிய காரணம் இதுதான்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு கேசட். பதினாறு வயதில் நண்பனிடம் இரவல் வாங்கிப் பதிந்துகொண்டது. அறுபது நிமிட கேசட், ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு அதில் முழுதாக அடங்கவில்லை. இரண்டாவது சரணத்தின் மூன்றாம் வரி பாதியில் இருக்கும்போதே டேப் தீர்ந்து, பட்டன் டக்கென்று எகிறிவிடும். இரண்டு வருடம் அந்தப் பாட்டை அப்படியேதான் கேட்டேன். எத்தனை நூறு தடவை என்று கணக்கில்லை. வெகுகாலம் கழித்து, வேலைக்காக வந்த டேப் ஒன்றில் அதே பாட்டு முழுதாக இருந்தது. ஸ்டுடியோவில் நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். பல்லவி தொடங்கியதுமே மயிர்க்கூச்செறிந்தது. அந்த மூன்றாம் வரி வரைக்கும் அது குறையவே இல்லை. அந்த இடத்தைத் தாண்டியும் பாட்டு போய்க்கொண்டிருந்தது, எனக்குள் மட்டும் ஏதோ அணைந்துவிட்டது. மிச்சமிருந்த ஐம்பது நொடியைக் கேட்டபோது "நன்றாகத்தான் இருக்கிறது" என்ற எண்ணம் மட்டும் வந்தது. நீங்கள் புதுப் பாட்டைக் கேட்டதும் சொல்கிறீர்களே, அதே "பரவாயில்லை".

அதே பாடகர், அதே மெட்டு, ஒரே நாளில் ஒரே அறையில் பதிந்த பாட்டு. அதில் நான்கு நிமிடம் எனக்கு உயிர், கடைசி ஐம்பது நொடி வழியில் பார்த்துத் தலையசைக்கும் ஆள் மாதிரி. தரத்தில் துளி வித்தியாசம் கிடையாது. எத்தனை முறை கேட்டேன், எந்த வயதில் கேட்டேன் என்பதில்தான் அத்தனை வித்தியாசமும்.

எண்ணிக்கையை முதலில் பார்ப்போம். 1968இல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் சில சோதனைகளை வெளியிட்டார். பொருளற்ற சொற்கள், சீன எழுத்துப் போன்ற வடிவங்கள், முன்பின் தெரியாத முகங்களின் படங்கள் என்று சிலவற்றை ஆட்களுக்குக் காட்டினார். சிலதை ஓரிரு தடவை, சிலதைப் பல தடவை. எது அதிகம் கண்ணில் பட்டதோ அதற்கே நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதில் ரசிக்க ஒன்றுமே இல்லை, வெறும் பழக்கம்தான். இசையில் இது இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. 2011இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தங்களுக்கு மிகப் பிடித்த இசையைக் கேட்டுச் சிலிர்ப்பவர்களின் மூளையைப் படம்பிடித்தார்கள். சிலிர்ப்பின் உச்சத்தில், இன்ப உணர்வோடு தொடர்புள்ள மூளை ரசாயனமான டோபமைன் சுரந்தது எதிர்பார்த்ததுதான். அந்த உச்சம் வருவதற்குச் சில நொடிகள் முன்னாலேயே மூளையின் இன்னொரு பகுதியில் டோபமைன் சுரக்கத் தொடங்கியிருந்தது. "இதோ வரப்போகிறது" என்று காத்திருப்பதே ஒரு தனி இன்பம்.

அந்தக் காத்திருப்புக்கு, வரப்போவது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய பாட்டில் ஒவ்வொரு வளைவும் உங்களுக்குத் தெரியும். குழல் எங்கே நுழையும், குரல் எங்கே மேலே ஏறும், எந்தச் சொல்லில் மூச்சு வாங்கும் என்று காது முன்னாலேயே போய் நின்றுகொள்கிறது. புதுப் பாட்டில் அது நடக்காது. பாட்டு புதிதாக இருந்தாலும் அதன் பாணி பழகியதாக இருந்தால் ஓரளவு ஊகிக்கலாம். ராகம் பழகியவருக்கு, அன்றைக்குத்தான் முதல்முறை கேட்கும் ஆலாபனையிலும் பாடகர் எந்த ஸ்வரத்தில் போய் உட்காருவார் என்று ஒரு நிதானம் கிடைக்கும். பாணியும் புதிது என்றால் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. உங்கள் மகளின் பாட்டு சத்தமாகத் தோன்றுவது அதனால்தான். தெரியாத மொழியை யாராவது வேகமாகப் பேசினால் எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே பிடிபடாது, அதைப்போல.

அன்று நாம் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு நம் ரசனை காரணமில்லை, வேறு வழியில்லாததுதான் காரணம். கையில் இருந்தது நாலு கேசட். பிடிக்காத பாட்டைத் தாண்ட வேண்டுமென்றால் ஃபார்வர்ட் பட்டனை அழுத்திவிட்டுக் குத்துமதிப்பாக நிறுத்த வேண்டும், இரண்டு மூன்று தடவை தப்பும். அதற்குச் சோம்பி, பிடிக்காததையும் கேட்டோம். ஐந்தாறு முறை போன பிறகு பார்த்தால் அது பிடித்துப்போயிருக்கும். உங்களுக்கு இன்று மிக நெருக்கமான பாட்டுகளில் எத்தனை முதல் தடவையே பிடித்தவை என்று யோசித்துப் பாருங்கள். என் பட்டியலில் பாதிக்கு மேல் அப்படி இல்லை. ஒரு பாட்டை நான் இரண்டு மாதம் வெறுத்தேன் என்பது நன்றாகவே நினைவிருக்கிறது, இன்று அதை யாராவது குறை சொன்னால் கோபம் வரும்.

இப்போது நிலைமை தலைகீழ். ஆப்பிள் மியூசிக் 2022 அக்டோபரில் தன்னிடம் 10 கோடிப் பாட்டுகள் சேர்ந்துவிட்டதாக அறிவித்தது. பத்துக் கோடி கையில் இருக்கும்போது ஒரு பாட்டுக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுக்க யாருக்குத் தோன்றும்? பாட்டு செய்பவர்களுக்கும் இது தெரியும். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அதற்குள் ஆளைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும். அமெரிக்காவில் 1986 முதல் 2015 வரை முதல் பத்து இடங்களுக்கு வந்த பாட்டுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, குரல் வருவதற்கு முன்னால் ஒலிக்கும் முன்னிசை சராசரியாக 20 நொடிக்கு மேல் இருந்ததிலிருந்து சுமார் 5 நொடிக்குச் சுருங்கிவிட்டது. எனக்கு இதில் நிஜமான வருத்தம் உண்டு. குரல் வரும்முன் காது வந்து உட்கார ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள்.

வயதுக்கு வருவோம். வயதானவர்களிடம் வாழ்க்கையில் நினைவுக்கு வருவதைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ பத்து முதல் முப்பது வயதுக்குள் நடந்தவை மற்றக் காலத்தைவிட அதிகமாகக் குவிந்து வரும். உளவியலில் இது பலமுறை உறுதியான விஷயம். இசையிலும் அப்படியே. ஹோல்ப்ரூக், ஷிண்ட்லர் என்ற இருவர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், பல காலகட்டத்துப் பாட்டுகளைப் பல வயதினருக்கும் போட்டுக்காட்டி மதிப்பெண் வாங்கினார்கள். ஒருவருக்கு ஏறத்தாழ 23½ வயது இருந்தபோது பிரபலமான பாட்டுகளுக்கே உச்ச மதிப்பெண் விழுந்தது. அந்த வயதில் எல்லாமே முதல் தடவை நடக்கிறது. முதல் நட்பு, முதல் பிரிவு, வீட்டைவிட்டுத் தனியாகப் போய் இருந்தது. நடந்தவற்றோடு ஓடிக்கொண்டிருந்த பாட்டும் சேர்ந்து பதிந்துவிடுகிறது.

எனக்கு இதைவிடச் சுவையாகப் படுவது 2013இல் வந்த இன்னொரு ஆய்வு. இருபது வயதை ஒட்டிய இளைஞர்களுக்குக் கடந்த பல பத்தாண்டுகளின் பிரபலப் பாட்டுகளைப் போட்டார்கள். அவர்கள் காலத்துப் பாட்டுகளோடு ஒட்டுதல் இருந்தது. அதோடு, அவர்கள் பிறப்பதற்கு முன், பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாட்டுகளிடமும் தனியாக ஓர் ஒட்டுதல் தெரிந்தது. வீட்டில் அப்பா அம்மா போட்டுக் கேட்டதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மகள் விஷயத்துக்கு வரும்போது உதவும்.

பழைய பாட்டு நம்மை என்ன செய்கிறது என்பதை இந்த ஆய்வுகளுக்கெல்லாம் முன்னாலேயே ஒருவர் துல்லியமாகச் சொல்லிவிட்டார். ஊர் ஏக்கத்துக்கு 'நாஸ்டால்ஜியா' என்ற பெயரை 1688இல் யோகன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் வைத்தார், அதை ஒரு நோயாகவே கருதி. பிற நாடுகளில் கூலிப் படையில் இருந்த சுவிஸ் வீரர்கள், ஊரில் மாடு ஓட்டிப்போகும்போது இசைக்கும் ஒரு மெட்டைக் கேட்டால் அழுதுவிடுவார்கள், படையைவிட்டு ஓடிவிடுவார்கள், அதனால் அதை இசைக்கவே தடை போட்டார்கள் என்று பேச்சு இருந்தது. தத்துவவாதி ரூசோ 1768இல் வெளியிட்ட இசை அகராதியில் இதைக் குறிப்பிட்டுவிட்டு ஒன்று சொல்கிறார்: அந்த மெட்டை வேறு நாட்டுக்காரர் கேட்டால் ஒன்றும் ஆவதில்லை. அந்த இடத்தில் இசை இசையாக வேலை செய்யவில்லை, நினைவை எழுப்பும் ஓர் அடையாளமாக வேலை செய்கிறது.

இரண்டரை நூற்றாண்டு கழித்தும் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு பழைய பாட்டு உங்களைக் கலங்கடிக்கும்போது அதில் இரண்டு வேலை ஒன்றாக நடக்கிறது. ஒன்று பாட்டின் வேலை, இன்னொன்று அந்த நாட்களின் வேலை. இரண்டும் ஒரே கண்ணீராக வருவதால் பிரித்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, நானே செய்து பார்த்தேன். உங்கள் பதினேழாவது வயதில் வெளிவந்து, நீங்கள் அப்போது கேட்காமல் விட்ட பாட்டுகளில் பத்தைத் தேடி எடுங்கள். ஓடாத படங்களில் வந்தவை, யாரும் பேசாத ஆல்பங்களில் இருப்பவை, பக்கத்து மொழிகளில் வந்தவை. அதே காலம், அதே கருவிகள், பெரும்பாலும் அதே கலைஞர்கள். ஆனால் உங்கள் நினைவு எதுவும் அவற்றில் ஒட்டியிருக்காது. கேட்டுப் பாருங்கள். நான் எடுத்த பத்தில் இரண்டு என்னைப் பிடித்துக்கொண்டன. மற்ற எட்டும் இன்றைக்கு என்னிடம் மிக்ஸிங்குக்கு வரும் சராசரிப் பாட்டுகளைப்போல, கேட்டதும் மறந்துபோகிறவையாக இருந்தன. அன்றைய இசைமேல் எனக்கு இருந்த மரியாதை இதனால் குறையவில்லை. அந்த இரண்டையும் எத்தனை நாள் தெரியாமல் இருந்துவிட்டோம் என்றுதான் இருந்தது.

காலம் சல்லடை போட்டுச் சலித்த பிறகு கையில் நிற்பதை மட்டும் வைத்து "அந்தக் காலம்" என்கிறோம். 1930களின் பேசும் படங்களில் முப்பது, நாற்பது பாட்டு என்பது சாதாரணம். அவற்றில் இன்று யார் வாயிலாவது முணுமுணுப்பாக இருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேற்கே 1969ஐப் பொற்காலம் என்பார்கள். வுட்ஸ்டாக் திருவிழா நடந்த வருடம், பீட்டில்ஸ் இன்னும் ஒன்றாக இருந்த வருடம். அமெரிக்க இசை இதழான பில்போர்டின் அந்த வருடத்துக்கான பட்டியலில் முதலிடம் பிடித்தது 'சுகர், சுகர்', ஒரு கார்ட்டூன் தொடருக்காகக் கற்பனையாக உருவாக்கிய குழுவின் பெயரில் வந்த பாட்டு. அது கெட்ட பாட்டு என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு வானொலியைத் திருப்பியவர் காதில் அதிகம் விழுந்தது என்ன, இன்று நாம் அந்த வருடத்தைப் பற்றி நினைப்பது என்ன என்று பார்க்கச் சொல்கிறேன். இன்றைய பாட்டுகளை நாம் சலிப்பதற்கு முன்னாலேயே கேட்கிறோம். உமியும் தவிடும் அரிசியும் ஒன்றாகத்தான் கையில் வரும்.

அப்படியானால் தரம் குறையவே இல்லையா என்று கேட்டால், முழுதாக "இல்லை" என்று சொல்ல என் தொழில் விடாது. மேற்கத்திய வெகுஜன இசையில் 1955 முதல் 2010 வரை வந்த நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கணினியால் அலசி, ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழிகளில் பன்முகம் குறைந்திருக்கிறது, கருவிகளின் ஒலி ஒன்றையொன்று ஒத்துப்போகிறது, சத்தம் கூடியிருக்கிறது என்பது அவர்கள் கண்டது. மூன்றையும் நான் வேலை மேஜையில் பார்த்திருக்கிறேன். ஒரே சாம்பிள் தொகுப்பை, அதாவது முன்பே பதிந்துவைத்த ஒலித் துண்டுகளை, வைத்துக்கொண்டு நூறு பேர் பாட்டு செய்தால் டிரம் ஒலி ஒன்றாகத்தான் இருக்கும்.

சத்தம் கூடிய கதை தனி. சிடி 1982இல் வந்தது. டேப்பிலும் எல்பியிலும் இல்லாத அளவுக்கு மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் இடையே அதில் இடம் இருந்தது. அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்வதற்குப் பதிலாக, 1990களில் தொடங்கி, பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஏற்றிக்கொண்டே போனார்கள். மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே மட்டத்துக்கு வந்தன. அப்படிப்பட்ட பாட்டை முக்கால் மணி நேரம் கேட்டால் காது களைத்துப்போகும், காரணம் தெரியாமல் எரிச்சல் வரும். ஸ்ட்ரீமிங் தளங்கள் இப்போது எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்துவிடுவதால், அப்படி ஏற்றுவதில் லாபம் குறைந்துவிட்டது. நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்தச் சத்தக் காலத்தில் 'ரீமாஸ்டர்' செய்த, அதாவது மறுவெளியீட்டுக்காக ஒலியைத் திரும்பச் சரிசெய்த, பழைய பாட்டுகள் பலவும் இதே மாதிரி நசுங்கிப்போனவை. உங்களுக்குப் பிடித்த பழைய பாட்டு இப்போது கேட்கும்போது எதையோ இழந்ததுபோல் இருந்தால், முந்தைய பதிவு கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இவையெல்லாம் ஒட்டுமொத்தச் சராசரிகள். நீங்கள் கேட்கப்போவது ஒரு பாட்டை. அந்த ஒரு பாட்டு தன் விஷயத்தை எங்கே வைத்திருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் கதவு திறந்துவிடும். இதை எனக்குக் காட்டியவன் என் அக்கா மகன். பத்தொன்பது வயது. போன வருடம் ஒரு பாட்டை அனுப்பி, "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டான். வேலைக்கு நடுவே போனிலேயே போட்டுக் கேட்டேன். ஒரு பெண் குரல், ஏறாமல் இறங்காமல் மூன்று நான்கு ஸ்வரத்துக்குள்ளேயே சுற்றுகிறது. பின்னால் கைதட்டல் மாதிரி ஒரு சத்தம். "மெட்டே இல்லையேடா" என்றேன். "போன் ஸ்பீக்கர்லயா கேட்டீங்க?" என்றான். மறுநாள் வந்து, என் ஹெட்ஃபோனை என் காதில் அவனே மாட்டிவிட்டான். கீழே ஒரு பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி), வயிற்றில் உணரும் ஆழத்தில், குரலோடு பேசிக்கொண்டே வந்தது. முந்தின நாள் எனக்கு அது இருப்பதே தெரியாது. போனின் சின்ன ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் தராது, இந்த பேஸ் ஐம்பது ஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகிறது. பாட்டின் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மெட்டு இல்லை என்றிருக்கிறேன்.

"இப்ப வரும் பாருங்க" என்று விரலைத் தூக்கினான். அதுவரை ஓயாமல் வந்த பேஸ் சட்டென்று நின்றது. குரலைச் சுற்றியிருந்த எதிரொலியும் அதே நொடியில் போய்விட்டது. அந்தப் பெண் காதோரத்தில் வந்து பேசுவதுபோல் நாலே சொல். பிறகு, வர வேண்டிய இடத்துக்கு அரைத் தட்டு தாமதமாக பேஸ் திரும்ப வந்து விழுந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ன நடக்கிறது என்று புரிந்தது, அவ்வளவுதான். நாலாம் நாள், ஐந்தாவதோ ஆறாவதோ தடவை கேட்டபோது, பேஸ் நிற்பதற்கு முன்னாலேயே என் தோள் இறுகியது. காது அங்கே போய்க் காத்திருக்க ஆரம்பித்துவிட்டது.

நம் காலத்துப் பாட்டுகள் கதையை மெட்டில் சொன்னவை. மீடியம் வேவ் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரில், இரைச்சலுக்கு நடுவிலும் பாட்டு உயிரோடு போய்ச் சேர வேண்டும். அதனால் முக்கியமானதெல்லாம் நடு ஒலியில், குரலிலும் குழலிலும் வயலினிலும் இருந்தன. பல்லவி, இடையிசை, சரணம் என்று ஒவ்வொரு அறையாக அழைத்துப் போனார்கள். இன்றைய பல பாட்டுகள் கதையை பேஸில் வைக்கின்றன, எது எப்போது நிற்கிறது என்பதில் வைக்கின்றன, குரல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதில் வைக்கின்றன. அங்கே போய் மெட்டைத் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். மெட்டின் இழப்பு இழப்புதான், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அது இல்லை என்பதாலேயே அங்கே ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது.

இந்த மாதிரிப் புகார்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் வந்தவைதான். 1906இல் அமெரிக்க இசைக்குழு இயக்குநர் ஜான் ஃபிலிப் சூசா, கிராமபோன் வந்தால் வீட்டில் பாடுபவர்களே இல்லாமல் போய்விடுவார்கள் என்று எழுதினார். அவர் பயந்ததில் பெரும்பகுதி நடந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மைக் வந்தபோது, அதன் அருகில் நின்று மெல்லப் பாடுவது பாட்டே அல்ல என்றார்கள். 1992இல் ஏ.ஆர். ரகுமான் வந்தபோது "கம்ப்யூட்டர் இசை, வார்த்தையே காதில் விழவில்லை" என்று குறைப்பட்டவர்கள் ஏராளம். அதே பாட்டுகளைத்தான் இன்று நாற்பதைத் தாண்டியவர்கள் "அந்தக் கால இசை" என்று கண் கலங்கக் கேட்கிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? வெற்றிப் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள், அதில் எல்லாமே முதல் ஐந்து நொடியில் ஆளை இழுக்கச் செய்தவை. உங்களுக்கு ஏற்கெனவே பிடித்ததற்குப் பக்கத்து வீடாக இருப்பதிலிருந்து தொடங்குங்கள். குழல் பிடிக்குமென்றால் குழலை வைத்துப் புதிதாக ஏதாவது செய்பவர், கனத்த குரல் பிடிக்குமென்றால் அப்படிப் பாடும் ஓர் இளைஞர். ஒரு மாதத்துக்கு ஓர் ஆல்பம் போதும். அதைத் தாண்டிப் போகாமல், பிடித்ததா பிடிக்கவில்லையா என்று தீர்ப்பு சொல்லாமல், பத்து நாளாவது முழுதாகக் கேளுங்கள். நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, பேஸ் கேட்டால் போதும். பத்து நாளைக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் கூச்சமில்லாமல் விட்டுவிடுங்கள். அப்போது அது உங்கள் ரசனை சொல்லும் முடிவு. முதல் நிமிடத்தில் வருவது அறிமுகமில்லாததால் வரும் விலகல் மட்டும்தான்.

இன்னொன்று. புதுப் பாட்டுக்கு ஒரு சம்பவமும் வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே, போனைத் தடவிக்கொண்டே கேட்ட பாட்டில் நினைவு என்ன ஒட்டும்? நடக்கும்போது கேளுங்கள், நீண்ட பயணத்தில் ஒரே ஆல்பத்தை மட்டும் எடுத்துப் போங்கள். இருபது வருடம் கழித்து அதுவும் பழைய பாட்டாகி உங்களை எங்கோ கொண்டுபோகும்.

பழைய பாட்டுகளை விட வேண்டியதே இல்லை. அவற்றைக் கொஞ்சம் சேமித்துச் செலவழியுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன். கல்லூரி நாட்களை அப்படியே கண்முன் கொண்டுவரும் ஒரு பாட்டு இருக்கிறதா? அதைத் தினமும் வேலைக்குப் போகும் வழியில் போட்டுக்கொண்டிருந்தால், இரண்டு வருடத்தில் அது வேலைக்குப் போகும் வழியைத்தான் நினைவூட்டும். நினைவின் மேல் நினைவு படிந்து பழையது மங்கிவிடும். என் அண்ணனுக்கும் எனக்கும் பொதுவான ஒரு பாட்டு உண்டு. வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் அதை நான் தொடுவதில்லை.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வயது ஏற ஏற உயர் அதிர்வெண்கள் முதலில் குறையும். ச, ஸ, ஷ போன்ற ஒலிகள் மங்கும், நெரிசலான மிக்ஸில் சொற்கள் பிடிபடாது. கூட்டத்தில் யாராவது பேசினாலும் உங்களுக்குச் சொற்கள் தெளிவாக இல்லை என்றால், காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பாட்டின் மேல் பழி போடும் முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக உங்கள் மகள். அவள் கேட்பதையெல்லாம் பிடித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம், பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும். "இதில் என்ன இருக்கிறது?" என்றும் கேட்க வேண்டாம், அது கேள்வி மாதிரி இருக்காது. ஒரே ஒரு பாட்டை எடுக்கச் சொல்லுங்கள். "இதில் உனக்கு ரொம்பப் பிடித்த நொடி எது, அதை மட்டும் காட்டு" என்று கேளுங்கள். ஹெட்ஃபோனில் ஒரு காது உங்களுக்கு, ஒரு காது அவளுக்கு. அந்த நொடி வரும்போது அவள் முகத்தைப் பாருங்கள், பாட்டில் எங்கே கவனிக்க வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கும். பிறகு அந்தப் பாட்டை அவள் இல்லாதபோது ஒரு வாரம் கேளுங்கள். அதற்குப் பதிலாக உங்கள் பாட்டு ஒன்றில் உங்களுக்குப் பிடித்த நொடியை அவளுக்குக் காட்டுங்கள். குழல் நுழையும் இடமோ, அந்த மூச்சு வாங்கும் சொல்லோ. நீங்கள் சமையலறையிலோ வண்டியிலோ போட்ட பாட்டு என்றால் அவளுக்கு அது ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். பெரும்பாலும் அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே அவள் அதை முணுமுணுக்கத் தொடங்கிவிடுவாள்.